பெற்றோல் செற்றின் மூக்கு

"பெற்றோல் செற்றின் பின்மதிலோடு மெல்லிய குழாய் மூன்று நாலு வானத்தைப் பார்த்தபடி நிற்கிறதே, அது புகைபோக்கியா? அங்கே ஒன்றும் எரிவதில்லையே? அதற்குள் குளவி கூடு கட்டினால் என்ன நடக்கும்?" என்று கொடிகாமத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். செற்றுக்குப் போகிறவர்கள் மீற்றர் ஓடுவதைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். இவர் பின்மதிலைப் பார்த்திருக்கிறார்.

அது புகைபோக்கி அல்ல, மூக்கு. நிலத்துக்குக் கீழே புதைத்திருக்கும் தாங்கி ஒவ்வொன்றுக்கும் ஒன்று. தாங்கியில் எண்ணெய் இறங்கும்போது உள்ளே இருந்த வளிக்கு வெளியே போக வழி வேண்டும். பம்பு எண்ணெயை உறிஞ்சும்போது அந்த இடத்தை நிரப்ப வெளிவளி உள்ளே வர வேண்டும். இவ்வளவுதான் சுருக்கம். ஆனால் வெளியே போவது வெறும் வளி அல்ல என்பதில்தான் விசயம் இருக்கிறது.

பெற்றோலின் மேற்பரப்பில் எந்நேரமும் ஆவி எழும். நமது 30 பாகை வெயிலில், மூடிய தாங்கியில் எண்ணெய்க்கு மேலுள்ள இடத்தில் ஏறத்தாழ நாற்பது வீதத்துக்கு மேல் பெற்றோல் ஆவியாகவே இருக்கலாம். மண்ணெண்ணெயும் டீசலும் அப்படி அல்ல. இந்த வெப்பநிலையில் அவற்றின் ஆவி மிகச் சொற்பம். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிளை ஸ்ராட் பண்ணச் சில துளி பெற்றோல் தேவைப்பட்டது. இயந்திரம் குளிராக இருக்கும்போது மண்ணெண்ணெய் பற்றிக்கொள்ளுமளவு ஆவியாகாது. சூடான பிறகு அதே மண்ணெண்ணெயில் ஓடும்.

பெற்றோல் ஆவி வளியில் 1.4 வீதத்துக்கும் 7.6 வீதத்துக்கும் இடையில் இருந்தால் மட்டுமே தீப்பற்றும். அதற்குக் குறைந்தால் எரிபொருள் போதாது, கூடினால் ஒட்சிசன் போதாது. ஆகவே நிரம்பிய பெற்றோல் தாங்கியின் உட்பகுதி ஆவி மிகுதியால் எரியாத நிலையில் இருக்கிறது. ஆபத்து, அந்த ஆவி வெளிவளியோடு கலந்து ஐதாகும் இடத்தில். வளியைவிட மூன்று நான்கு மடங்கு பாரமானதால் அது மேலே போகாது. தரையோடு ஊர்ந்து கானுக்குள்ளும் பள்ளத்துக்குள்ளும் தேங்கும். மூக்குக்குழாயைக் குறைந்தது 12 அடி உயரத்தில் வைப்பது இதற்காகவே. அங்கே காற்று அதை எரியாத அளவுக்குக் கலைத்துவிடும்.

இனி எண்ணெய் ஏற்றிவரும் பவுசர் வந்து நிற்கும் நேரத்தைப் பார்ப்போம். 6,600 லீற்றர் பெற்றோல் இறங்கினால் 6,600 லீற்றர் ஆவியும் வளியும் கலந்து மூக்கு வழியே வெளியேறும். அந்த ஆவியைத் திரும்பத் திரவமாக்கினால் 8 முதல் 12 லீற்றர் வரை வரும். எட்டா பன்னிரண்டா என்பதைத் தீர்மானிப்பது நிரப்பு குழாயின் நீளம். குழாய் தாங்கியின் மேற்பகுதியோடு நின்றால் எண்ணெய் அருவிபோல விழுந்து சிதறும், ஆவி கூடும். அடித்தளத்திலிருந்து அரை அடி வரை இறங்கியிருந்தால், கிடக்கும் எண்ணெய்க்குள் சத்தமில்லாமல் கலக்கும். ஆவியைப் பிடிக்கவும் வழி உண்டு: இரண்டாவது குழாய் ஒன்றைப் பூட்டி, தாங்கியிலிருந்து வெளியேறும் ஆவியை வெறுமையாகும் பவுசர் அறைக்கே திருப்பி அனுப்பலாம். இந்தத் தாங்கி விடும் மூச்சை அந்தத் தாங்கி உள்ளிழுக்கும்.

மூடியைத் திறக்குமுன் பூட்ட வேண்டியது மின்னேற்றத்தைத் தரைக்கு இறக்கும் புவித்தொடுப்பு வயர் (எர்த் வயர்). எல்லாம் முடிந்தபின் கடைசியாகக் கழற்ற வேண்டியதும் அதுவே. எண்ணெய் குழாயில் உராய்ந்து ஓடும்போது மின்னேற்றம் பெறுகிறது, மின்னை நன்றாகக் கடத்தாததால் அதை எளிதில் விடுவதுமில்லை. சில பவுசர்களின் பின்னால் தரையில் இழுபடும் சங்கிலியை இதற்கான பரிகாரம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. கரி சேர்த்த றப்பர் ரயரே ஓடும் வண்டியின் மின்னேற்றத்தைத் தரைக்கு இறக்கப் போதுமானது. சிக்கல் எண்ணெயின் மேற்பரப்பில் தங்கும் மின்னேற்றம். அதை எந்தச் சங்கிலியும் தொடாது. முன்பக்கத்தில் தேசிக்காயும் மிளகாயும் கட்டுவதோடு எனக்கு வழக்கில்லை, அது யாருக்கும் கெடுதி செய்யாது. சங்கிலி அப்படியல்ல. தேவையான வேலை நடந்துவிட்டது என்ற பொய் நிம்மதியைத் தருகிறது.

அனுபவசாலிகள் மிகவும் அஞ்சுவது இன்னொன்று: பெற்றோல் கொண்டுபோய் இறக்கிய பவுசர் அறைக்குள் டீசலை ஏற்றுவது. டீசல் சாதுவான எண்ணெய்தான். ஆனால் அது உள்ளே எஞ்சிய பெற்றோல் ஆவியைக் கரைத்து உறிஞ்சும். எரியாத அளவு செறிவாக இருந்த ஆவி குறைந்து குறைந்து அந்த 1.4 – 7.6 எல்லைக்குள் வரும் நேரத்தில், ஓடிவரும் டீசல் மின்னேற்றத்தையும் கொண்டுவரும். அதனால் ஏற்று குழாயின் வாய் எண்ணெயில் மூழ்கும்வரை செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்துக்கு மேல் விடக்கூடாது. நிரம்பிய உடனே அளவுகோலை உள்ளே விடுவதும் கூடாது. சில நிமிடம் ஆறவிட வேண்டும்.

புதைத்த தாங்கிக்கு மூச்சு என்பது பெரும்பாலும் நிரப்பும்போதும் எடுக்கும்போதும்தான். நிலத்துக்கு மேல் நிற்கும் பெருந்தாங்கிகளோ சும்மா நிற்கும்போதே மூச்சு விடும். கொலன்னாவையிலோ திருகோணமலையிலோ பார்த்திருப்பீர்கள். திருகோணமலையில் பிரித்தானியர் காலத்துத் தாங்கிகள் 99 இன்னும் நிற்கின்றன, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கன மீற்றர் கொள்ளும். அவற்றைப் பார்க்கும்போது கோட்டைச் சுவர்போலத் தோன்றும். கூரையின் உண்மையான பலத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள்.

இத்தகைய தாங்கியின் கூரைத் தகடு வழக்கமாக 5 மில்லிமீற்றர் தடிப்பம். உள்ளே அமுக்கம் வெளியைவிட 0.4 கிலோபஸ்கால் கூடினால் போதும், தகட்டின் பாரத்தை வென்று அதைத் தூக்கப் பார்க்கும். பலூன் ஊதும் பிள்ளை இதைவிடப் பல மடங்கு அமுக்கம் கொடுக்கும். உள்ளிழுப்பில் இன்னும் மோசம். பொதுவான வடிவமைப்பு விதிப்படி தாங்கி பொறுக்க வேண்டிய வெற்றமுக்கம் 0.25 கிலோபஸ்கால், அதாவது ஸ்ரோவில் தண்ணீரை ஓர் அங்குலம் உயர்த்தும் உறிஞ்சல். செவ்விளநீர் குடிக்கும்போது அதைவிட ஐந்தாறு மடங்கு பலமாக உறிஞ்சுகிறோம். அமுக்கம் சிறிதுதான், ஆனால் பரப்பு பெரிது: 20 மீற்றர் விட்டமுள்ள கூரையில் ஒரு கிலோபஸ்கால் வித்தியாசம் 32 தொன் பாரத்தை ஏற்றி வைத்ததற்குச் சமன்.

இப்போது ஐப்பசி மாதத்துப் பின்னேரம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். காலையிலிருந்து வெயிலில் காய்ந்த தாங்கி, எண்ணெய்க்கு மேல் வளியும் ஆவியும் நிறைந்த ஆயிரம் கன மீற்றர் இடம், அதன் வெப்பநிலை 50 பாகை. திடீரென்று மழை கொட்டுகிறது. கால் மணி நேரத்தில் உள்வளி 35 பாகைக்கு இறங்குகிறது. வாயு விதிப்படி கனவளவு ஏறத்தாழ 46 கன மீற்றர் சுருங்கும். ஆவியில் ஒரு பகுதி திரவமாகித் திரும்புவதால் உண்மையில் இன்னும் கூடுதலாகச் சுருங்கும். அவ்வளவு வளியும் உடனே உள்ளே வந்தாக வேண்டும். வராவிட்டால், கையால் நசுக்கிய சோடா ரின் போலத் தாங்கி மடிந்துபோகும்.

இதைக் காப்பாற்றுவது கூரையில் இருக்கும் ஒரு வால்வு. அதன் எளிமை எனக்கு எப்போதும் வியப்பு. ஸ்பிரிங் இல்லாமல், மின்சாரம் இல்லாமல் வேலை செய்யக்கூடியது. உள்ளே இரண்டு தட்டு, இரண்டும் தங்கள் பாரத்தால் இருப்பிடத்தில் மூடிக் கிடக்கும். உள்ளமுக்கம் ஒரு தட்டைத் தூக்கினால் மூச்சு வெளியே போகும். வெளிவளி மற்றத் தட்டைத் தூக்கினால் உள்ளே வரும். எந்த அமுக்கத்தில் திறக்க வேண்டுமோ அதற்கேற்பத் தட்டின் நிறையைக் கூட்டிக் குறைத்தால் சரி. சிறு ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் திறக்காததால் ஆவி வீணாவதும் குறையும். டீசல் தாங்கிக்கு இது தேவைப்படாது, வலை போட்ட திறந்த குழாயே போதும்.

எளிமையானது என்பதால் கவனிக்காமல் விடுவார்கள். உப்புக்காற்றடிக்கும் கடற்கரையில் தட்டு துருவேறி இருப்பிடத்தோடு ஒட்டிக்கொள்ளும். குளவி மண்கூடு கட்டும். எல்லாவற்றிலும் பேர்போனது பெயின்ற் அடிக்கிறவரின் பொலித்தீன் பை: வால்வில் பெயின்ற் படக்கூடாதென்று நல்லெண்ணத்தில் மூடிக் கட்டுவார், கழற்ற மறப்பார், அடுத்த நாள் பம்பு ஓடத் தொடங்கியதும் தாங்கி உள்ளே இழுபட்டுவிடும். உலகில் பல இடங்களில் இது நடந்திருக்கிறது. மெல்லிய பொலித்தீன் எப்படி உருக்கை வென்றது என்று கேட்பார்கள். பொலித்தீன் வாசலை அடைத்தது, அவ்வளவுதான். தாங்கியை நசுக்கியது வளிமண்டலம்.

ஆவிக்கு இடமே கொடுக்காவிட்டால் என்ன என்ற யோசனையில் பிறந்தது மிதக்கும் கூரை. எண்ணெயின் மேலேயே கூரை கிடந்து, அதோடு ஏறி இறங்கும். விளிம்பில் றப்பர்த் தடுப்பு இருக்கும். பெற்றோலுக்கு இதுவே உகந்தது. ஆனால் மாரிமழை கூரையில் தேங்கும். தாங்கிக்குள்ளால் போகும், மடங்கக்கூடிய குழாய் அதை வெளியே வடிக்கும். வடிகால் வால்வை மூடி மறந்தால் கூரை மூழ்கும். எண்ணெயை அளவுக்கு மீறி இறக்கினால் கூரை தன் கால்களில் நின்றுவிடும், கீழே மீண்டும் ஆவிக்கு இடம் பிறக்கும்.

மூச்சோடு ஈரமும் உள்ளே வரும். இரவில் சுவரில் வியர்த்து அடியில் தண்ணீராகச் சேரும். அளவுகோலின் நுனியில் நீர்பட்டால் நிறம் மாறும் பசையைப் பூசி இறக்குவது அதைக் கண்டுபிடிக்க. டீசலில் அந்த நீருக்கும் எண்ணெய்க்கும் இடையில் நுண்ணுயிர் வளர்ந்து கறுப்புக் கூழாகி வடிகட்டியை அடைக்கும்.

"காலமை வெள்ளன போய் அடிச்சா கூட வரும்" என்ற நம்பிக்கைக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். பெற்றோல் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.1 வீதம் விரியும் என்பது உண்மை. ஆனால் ஒரு மீற்றர் ஆழத்து மண்ணுக்குப் பகலும் இரவும் ஒன்றுதான். தாங்கி மூன்று பாகை குளிர்ந்ததாகவே வைத்தாலும் 10 லீற்றரில் 30 மில்லிலீற்றர் வித்தியாசம். காலைத் தூக்கத்தை விடுமளவு பெறுமதி இல்லை. அந்த விரிவு உண்மையில் உறைப்பது பவுசரில். 33,000 லீற்றர் கொழும்புப் பக்கமிருந்து 400 கிலோமீற்றர் வெயிலில் வந்து ஐந்து பாகை சூடேறினால் 165 லீற்றர் பெருக்கும். அறையைத் தளும்ப நிரப்பாமல் மூன்று வீதமளவு இடம் விடுவது இதனால்தான். இறக்கிய எண்ணெய் மண்ணுக்குள் ஆறிச் சுருங்கினால் அளவுகோல் குறைவாகக் காட்டும். களவு என்று சண்டை பிடிக்குமுன் வெப்பமானியைப் பார்ப்பது நல்லது.

யாழ்ப்பாணத்துக்கென்று தனிக் கவலை ஒன்று உண்டு. நாம் குடிப்பது சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் ஓடும் நிலத்தடி நீர். மணல் வடிகட்டுவதுபோல அந்த வெடிப்பு எதையும் வடிகட்டாது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்புவரை போனது. பெற்றோல் மிதக்கும், ஆனால் அதிலுள்ள பென்சீன் நீரில் கரைந்து தூரம் போகும். புதைத்த தாங்கிகளைச் சுற்றிக் கண்காணிப்புக் கிணறு தோண்டி மாதாமாதம் மாதிரி எடுத்துப் பார்ப்பது பெரிய செலவு அல்ல. பிரச்சினை வந்தபின் குழு அமைக்க இருக்கும் பணம், வருமுன் அளக்கிற ஆய்வுகூடத்துக்கு ஏன் இல்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

குளவிக்கு வருவோம். புதைத்த தாங்கியின் மூக்கு அடைபட்டால் பெருந்தாங்கிபோல உடனே நசுங்காது. சுற்றி மண் இருக்கிறது, உருளை வடிவமும் பலம். முதல் அறிகுறி பவுசர் இறக்கும்போது தெரியும்: அடைபட்ட வளி எதிர்த்துத் தள்ளுவதால் ஓட்டம் மெலியும். அவசரப்பட்டுக் குழாயைக் கழற்றினால் பெற்றோல் திருப்பிப் பீச்சியடிக்கும். அடுத்த அறிகுறி பம்பில். வெற்றமுக்கம் கூடக்கூட உறிஞ்சும் குழாயிலேயே பெற்றோல் ஆவியாகும், பம்பு இரைந்துகொண்டே நிற்கும், எண்ணெய் விட்டுவிட்டு வரும். அந்த நேரத்தில் பம்பைக் கழற்றுமுன் ஏணி வைத்து மூக்கின் தொப்பியைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.