நெடுஞ்சாலைச் சுற்றுக்காவல்: ‘ஹைவே பேட்ரோல்’ என்னும் சொல்லும் அதன் பணிநெறியும்

அமெரிக்க மாநிலங்களைப் பற்றிய செய்திகளில் ‘ஸ்டேட் ஹைவே பேட்ரோல்’ என்னும் பெயர் அடிக்கடி வருகிறது. தமிழில் அதனை ‘மாநில நெடுஞ்சாலை ரோந்துப் போலீஸ்’ என்று எழுதிக் கடந்து விடுகிறோம். ஆனால் அந்தத் துறையின் விதிகளையும் ஒழுக்க வரையறைகளையும் தமிழில் எழுத முற்படும்போது இந்தப் பெயர் போதாமல் போகிறது. ‘மாநில’ என்பது எதைத் தழுவி நிற்கிறது, ‘ரோந்து’ எதைச் சொல்லாமல் விடுகிறது, கூடவே வரும் ‘பாலிசி’யும் ‘ஸ்டாண்டர்டு’ம் தமிழில் என்னவாகும் என்ற கேள்விகளுக்கு விடை கண்ட பிறகே பொருத்தமான சொல்லைத் தேட முடியும்.

முதலில் ‘மாநில’ என்னும் அடைமொழி. ‘மாநில நெடுஞ்சாலை’ என்றால் மாநில அரசு பராமரிக்கும் ஒரு வகைச் சாலை என்றே தமிழ் வாசகர் கொள்வார். தேசிய நெடுஞ்சாலையிலிருந்து அதைப் பிரித்தறிந்து பழகியவர் அவர். அமெரிக்கப் பெயரிலோ ‘ஸ்டேட்’ என்பது சாலையைக் குறிக்கவில்லை, காவல் துறை யாருக்கு உரியது என்பதைக் குறிக்கிறது. மிசூரி மாநிலத்தின் நெடுஞ்சாலைக் காவலர்கள் மாநிலங்களை இணைக்கும் கூட்டாட்சிப் பெருஞ்சாலைகளிலும் பணி செய்கிறார்கள். கலிபோர்னியாவில் நகராட்சி எல்லைக்குள் வராத கவுண்டிச் சாலைகளின் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி) போக்குவரத்தும் அம்மாநில நெடுஞ்சாலைக் காவல் துறையின் பொறுப்பே. ஆகவே ‘மாநில அரசின்’ என்று வேற்றுமை உருபை வெளிப்பட எழுதிவிட்டால் மயக்கம் நீங்கும்.

‘பேட்ரோல்’ பிரெஞ்சு மொழியிலிருந்து பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குச் சென்ற படைத்துறைச் சொல். அதன் மூலமான ‘பத்ரூயே’ என்னும் வினை, சேற்றில் கால் பதித்து உழன்று நடப்பதைக் குறித்த பழைய சொல்லொன்றின் திரிபு. விலங்கின் பாதத்தைக் குறிக்கும் ‘பத்’ என்பது அதன் அடி. பாசறையைச் சுற்றிச் சேற்றிலும் இருட்டிலும் நடந்து காவல் புரிந்தவர்களின் உழைப்பு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. ‘ரோந்து’ வேறு வேரிலிருந்து வந்தது. போர்த்துக்கீசிய ‘ரோந்தா’, பிரெஞ்சு ‘ரோந்து’, ஆங்கில ‘ரவுண்டு’ ஆகியன அடங்கிய சொற்குடும்பத்தைச் சேர்ந்த அது, வட்டமாகச் சுற்றி வருவதையே முதன்மையாகச் சொல்கிறது. ரகரம் தமிழில் மொழிமுதலில் வராது என்னும் இலக்கண விதியே இது இரவல் சொல் என்பதைக் காட்டிக்கொடுக்கும். இரவல் என்பதற்காக மட்டும் அதை விலக்க வேண்டியதில்லை. மக்கள் நாவில் நன்கு ஊன்றிவிட்ட சொல் அது. ஆயினும் சுற்றுதல் என்னும் செயலோடு அதன் பொருள் நின்றுவிடுகிறது. எதற்காகச் சுற்றுகிறார், எந்த வரம்புக்குள் சுற்றுகிறார் என்பது அதில் இல்லை.

‘சுற்றுக்காவல்’ என்னும் சொல்லில் செயலும் நோக்கமும் ஒருங்கே அமைகின்றன. தலைமைச் சொல்லாகக் காவல் நிற்க, சுற்றுதல் அதன் முறையாகிறது. இந்தச் சொல்லைப் பரிந்துரைக்க எனக்கு வலுவான காரணம் ஒன்று சங்க இலக்கியத்தில் கிடைக்கிறது. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, நள்ளிரவில் மதுரை வீதிகளைக் காக்கும் ‘ஊர்காப்பாளர்’களை வருணிக்கிறது. துஞ்சாக் கண்ணர், அஞ்சாக் கொள்கையர் என்று விழிப்பையும் துணிவையும் போற்றிய புலவர், அத்துடன் நிறுத்தாமல், ‘நூல்வழிப் பிழையா நுணங்கு நுண் தேர்ச்சி’ உடையவர்கள் என்றும் சொல்கிறார். காவல் பற்றிய நூல் ஒன்று உண்டு, அந்நூல் காட்டும் வழியிலிருந்து பிறழாத நுட்பமான தேர்ச்சியே காவலரின் தகுதி என்பது இதன் கருத்து. காவலரின் வீரத்தோடு எழுதப்பட்ட நெறிக்கு அவர் அடங்கி நடப்பதையும் சேர்த்துப் புகழ்ந்த இந்த அடியை, இன்றைய காவல்துறை விதிகளைத் தமிழில் எழுதுவோர் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இனி, சொல் குறிக்கும் பொருளின் வரலாறு. அமெரிக்காவில் நகரக் காவலரின் அதிகாரம் நகர எல்லையோடும், கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிப்பின் அதிகாரம் கவுண்டி எல்லையோடும் முடிந்தன. மோட்டார் வாகனம் பெருகியதும் இந்த எல்லைகள் சாலைக்குப் பொருந்தாமல் போயின. பென்சில்வேனியா 1905-இல் மாநிலம் முழுவதற்கும் அதிகாரமுடைய சீருடைக் காவல்படையை அமைத்தது. 1902-இன் பெரும் நிலக்கரி வேலைநிறுத்தம் அதற்குப் பின்னணியாக இருந்ததால், மாநிலக் காவல்படை என்றாலே தொழிலாளரை ஒடுக்கும் படை என்னும் அச்சம் பல இடங்களில் எழுந்தது. ஆகவே பல மாநிலங்கள் பொதுக் காவல் அதிகாரத்தைத் தராமல், சாலையோடு வரம்பிட்ட ‘ஹைவே பேட்ரோல்’ என்னும் அமைப்பைத் தேர்ந்தன: கலிபோர்னியா 1929-இலும், மிசூரி 1931-இலும், ஓஹாயோ 1933-இலும். வேலைநிறுத்தங்களிலும் தொழில் தகராறுகளிலும் இந்தக் காவலர்களைப் பயன்படுத்தக் கூடாது என்று ஓஹாயோ சட்டம் வெளிப்படையாகவே தடுத்தது. பெயரில் உள்ள ‘நெடுஞ்சாலை’ அலங்காரத்துக்கு வைத்த சொல் அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அது ஓர் அதிகார வரம்பு. 1921-இல் நெடுஞ்சாலைக் காவலாகத் தொடங்கிய வாஷிங்டன் மாநிலத்தின் துறை 1933-இல் அந்தச் சொல்லை விட்டுவிட்டு ‘ஸ்டேட் பேட்ரோல்’ ஆனது. மொழிபெயர்க்கும்போது அந்த வேறுபாட்டையும் அப்படியே காக்க வேண்டும்; எல்லாவற்றையும் ‘மாநிலப் போலீஸ்’ என்று ஒன்றாக்கிவிடக் கூடாது.

பணியாளரின் பெயரிலும் ஓர் இடறல் உண்டு. கலிபோர்னியாவில் அடிப்படை நிலைக் காவலரையே ‘ஆபிசர்’ என்பார்கள். தமிழில் ‘அதிகாரி’ என்றால் மேல்நிலையில் இருப்பவர் என்ற எண்ணம் வருவதால், ‘காவலர்’ என்பதே சரி. பிற மாநிலங்களில் வழங்கும் ‘ட்ரூப்பர்’ குதிரைப்படை வீரரைக் குறித்த சொல். ‘படைவீரர்’ என்று பெயர்த்தால் இராணுவம் சாலைக்கு வந்ததாக வாசகர் மிரளுவார். அங்கும் ‘நெடுஞ்சாலைக் காவலர்’ போதும்.

இங்கிருந்து ‘பாலிசி’க்கு வருவோம். இதுவும் ‘போலீஸ்’ என்பதும் உடன்பிறந்த சொற்கள். நகர அரசைக் குறித்த கிரேக்க ‘போலிஸ்’ என்பதிலிருந்து, ஆட்சிமுறை என்று பொருள்படும் ‘பொலிதேயா’ வழியாக இரண்டும் பிறந்தன. காப்பீட்டில் நாம் எடுக்கும் ‘பாலிசி’ ஒலியால் ஒன்றானாலும் வேறு சொல். சான்றுச் சீட்டைக் குறித்த இத்தாலிய ‘பொலிட்சா’ அதன் வழி. காவல்துறை ‘பாலிசி’யைக் ‘கொள்கை’ என்று பெயர்ப்பதில்தான் பெருந்தவறு நேர்கிறது. அரசின் கல்விக் கொள்கை, தொழிற்கொள்கை என்பன நோக்கத்தை அறிவிக்கும் ஆவணங்கள். நெடுஞ்சாலைக் காவலரின் ‘பாலிசி’யோ ஒரு வாகனத்தை எப்போது துரத்தலாம், எப்போது துரத்தலைக் கைவிட வேண்டும், ஆயுதத்தை எந்நிலையில் எடுக்கலாம், உடற்கேமராவை எப்போது இயக்க வேண்டும் என்று கட்டளையிடும் எழுத்து. மீறினால் விசாரணையும் தண்டனையும் உண்டு. ஆகவே அதற்குப் ‘பணிநெறி’ என்னும் சொல்லைக் கொள்ளலாம். ஒவ்வொரு படியாகச் செய்ய வேண்டியதைக் கூறும் ‘ப்ரொசீஜர்’ அதன் கீழ் அமையும் ‘செயல்முறை’.

பணிநெறி சட்டத்தினின்று வேறானது என்பதையும் சொல் உணர்த்த வேண்டும். காவலர் பலத்தைப் பயன்படுத்தியது நியாயமா என்பதை, அந்தச் சூழலில் நின்ற நியாயமான ஒரு காவலரின் பார்வையில் அளக்க வேண்டும் என்று 1989-இல் கிரகாம் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்தது. அது அரசமைப்பு கோரும் குறைந்த அளவு மட்டுமே. ஓடும் வாகனத்தை நோக்கிச் சுடுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் பணிநெறிகளைப் போல, துறைகள் அதைவிட உயர்ந்த வரம்பைத் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளலாம், விதித்தும் இருக்கின்றன. சட்டத்தை மீறாத காவலர் பணிநெறியை மீறியவராக இருக்கக்கூடும். கலிபோர்னியாவின் வாகனச் சட்டம் 17004.7-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. துரத்தலுக்கு எழுத்து வடிவப் பணிநெறி வகுத்து, அதில் காவலர்க்கு முறையாகப் பயிற்சியும் அளித்த அரசுத் துறைக்கு, தப்பியோடும் வாகனம் விளைவிக்கும் சேதத்துக்கான இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து அது விலக்களிக்கிறது. எழுதிய நெறியும் அதில் தேர்ச்சியும் சேர்ந்தே சட்டத்தின் கண்ணில் மதிப்புப் பெறுகின்றன.

சுற்றுதலுக்கும் நிறுத்துதலுக்கும் உள்ள இடைவெளியே இந்தத் துறையின் பணிநெறியில் மிக நுட்பமான பகுதி. காவலர் சாலையில் எங்கும் சுற்றலாம். ஆனால் தம் விருப்பம்போல் ஒரு வாகனத்தை நிறுத்த முடியாது. ஐயப்படக் காரணம் ஏதுமின்றி, உரிமத்தைப் பார்ப்பதற்காக மட்டும் கண்ணில் பட்ட வாகனத்தை நிறுத்துவது அரசமைப்புக்கு முரண் என்று 1979-இல் டெலவேர் மாநில வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறுத்திய காரணம் முடிந்த பின், வேறு ஐயமின்றி, மோப்ப நாயைக் கொண்டுவர அந்த நிறுத்தத்தை நீட்டிக்கவும் கூடாது என்று 2015-இல் ரோட்ரிகஸ் வழக்கில் கூறியது. கேன்சஸ் நெடுஞ்சாலைக் காவலர்களிடையே வழங்கிய ஓர் உத்தி இந்த வரம்பைச் சோதித்தது. அபராதச் சீட்டைக் கொடுத்து விடை சொல்லிவிட்டு, தம் வண்டியை நோக்கி இரண்டடி நடந்து, திரும்பி வந்து, ஓட்டுநர் தம் விருப்பத்தால் பேசுகிறார் என்னும் தோற்றத்தில் மேலும் கேள்வி கேட்பது அந்த உத்தி. ‘இரண்டடி நடை’ என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. 2023-இல் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் அதை அரசமைப்பு மீறல் என்று தீர்மானித்தது. சாலையோரத்தில் ஆயுதம் தாங்கிய சீருடைக்காரர் முன் நிற்கும் மனிதர் ‘போகலாமா’ என்று கேட்கவும் அஞ்சுவார் என்பதை எந்தப் பணிநெறியும் மறக்கக் கூடாது.

‘ஸ்டாண்டர்டு’ என்பது முதலில் போர்க்களத்தில் நட்ட கொடி. வீரர்கள் சிதறினால் திரும்பி வந்து கூட வேண்டிய இடத்தை அது காட்டியது. பின்னர் அரசர் நிறுவிய அளவுகோலைக் குறித்தது. ‘ப்ரொபஷன்’ என்னும் சொல், ஊரறிய அறிவித்தல் என்னும் இலத்தீன் வினையிலிருந்து வந்து, துறவியர் ஏற்கும் உறுதிமொழியைக் குறித்தது. ‘தொழில்முறை’ என்று பெயர்த்தால் ஊதியத்துக்குச் செய்வது என்னும் பொருளே மேலோங்கும். ‘தொழில்முறை ஆட்டக்காரர்’ என்று நாம் சொல்வது அந்தப் பொருளில்தான். உறுதிமொழி ஏற்றுப் பொறுப்பில் அமர்ந்தவரிடம் எதிர்பார்க்கும் அளவுகோலைப் ‘பணித்தரம்’ என்பது ஏற்கும்.

அந்த அளவுகோல்கள் படிப்படியாக உருவாயின. காவல்துறைத் தலைவர்களின் பன்னாட்டுச் சங்கம் 1957-இல் ஓர் அறநெறி வாசகத்தை ஏற்றது. கலிபோர்னியா 1959-இல் காவலரின் தேர்வுக்கும் பயிற்சிக்கும் தரம் வகுக்கும் ஆணையத்தை நிறுவியது. 1970 ஏப்ரலில் அதே மாநிலத்தின் நியூஹால் அருகே நான்கு நெடுஞ்சாலைக் காவலர்கள் சில நிமிடங்களில் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆபத்து மிகுந்த வாகனங்களை நிறுத்தும் செயல்முறை அந்த இழப்புக்குப் பிறகு மாற்றி எழுதப்பட்டது. இப்படி, பணித்தரத்தின் சில வரிகள் காவலரின் உயிரைக் காக்கவும் சில வரிகள் காவலரிடமிருந்து குடிமக்களின் உரிமையைக் காக்கவும் எழுதப்பட்டவை. இரண்டும் ஒரே கையேட்டில் இருக்கின்றன. 1979-இல் தோன்றிய தரச்சான்று ஆணையம், துறைகள் தாமே முன்வந்து இந்தக் கையேடுகளை வெளியார் ஆய்வுக்கு உட்படுத்த வழிசெய்தது. 2021-இல் கலிபோர்னியா இயற்றிய சட்டம், கடுந்தவறு செய்த காவலரின் தகுதிச் சான்றை, 1959-இல் அம்மாநிலம் நிறுவிய தர ஆணையமே பறிக்க இடமளித்தது. இதனைத் ‘தகுதிநீக்கம்’ என்று எழுதலாம். ‘பணிநீக்கம்’ என்றால் ஒரு துறையிலிருந்து மட்டும் விலக்குவதாகும்.

மொழிபெயர்ப்பாளர் கவனிக்க வேண்டிய பெயர் இன்னும் ஒன்று உண்டு. பல மாநிலங்களில் ‘ஆபிஸ் ஆப் ப்ரொபஷனல் ஸ்டாண்டர்ட்ஸ்’ என்றொரு பிரிவு இருக்கிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘பணித்தர அலுவலகம்’ என்றாகி, பயிற்சித் தரம் பார்க்கும் இடம்போல் தோன்றும். உண்மையில் அது காவலர்மீது வரும் புகார்களை விசாரிக்கும் பிரிவு. அதனைப் ‘பணியொழுக்க விசாரணைப் பிரிவு’ என்று எழுதினால்தான், புகார் கொடுத்தவர் எங்கே சென்றார் என்பது படிப்பவருக்கு விளங்கும்.