போகம் எண்டா என்ன? பெரும்போகம், சிறுபோகம் சொல் விளக்கம்

இலங்கை நெல் விளைச்சல் பற்றி எந்தச் செய்தியை எடுத்தாலும் பெரும்போகம், சிறுபோகம் எண்டு ரெண்டு சொல் கட்டாயம் வரும். பெரும்போகம் எண்டா வடகீழ்ப் பருவமழையை நம்பி செப்டெம்பர், ஒக்டோபரிலை விதைச்சு பெப்ரவரி, மார்ச்சிலை வெட்டுறது, சிங்களத்திலை மகா கன்னய. சிறுபோகம் ஏப்ரல், மே அளவிலை தொடங்கி ஆகஸ்ட், செப்டெம்பரிலை முடியும், அது யல. வடக்கிலை வன்னிப் பக்கம் கமக்காரர் பெரும்போகத்தை காலபோகம் எண்டுதான் கூடுதலாச் சொல்லுவினம்.

போகம் வடசொல். புஜ் எண்ட வேரிலை இருந்து வந்தது, சாப்பிடுறது, அனுபவிக்கிறது எண்டு பொருள், போசனம் எண்ட சொல்லும் அதே வேர்தான். அனுபவிக்கிறது எண்ட பொருள் நிலத்திலை இருந்து வாற பலனுக்குப் போய், அதிலை இருந்து ஒருதரம் விதைச்சு வெட்டுற சுற்றுக்கே பேராப் போச்சுது. இதுக்கு நல்ல தமிழ் பூ. ஓம், மலர் எண்டுற அதே பூ தான், அகராதியிலை வெள்ளாமை எண்ட பொருளும் இருக்கு. ஒருபூ நிலம், இருபூ நிலம், முப்பூ நிலம் எண்டு எவ்வளவு வடிவாச் சொல்லலாம், இதெல்லாம் திரும்பப் புழக்கத்துக்கு வரவேணும் எண்டுதான் நான் நினைக்கிறன். ஆனா பெரும்போகத்தைப் பெரும்பூ எண்டு மாத்தினா வயலுக்கை நிக்கிற ஆளுக்கு விளங்காது, அதை அப்பிடியே விடலாம். பட்டம் எண்டா விதைக்கிற காலம், மகசூல் எண்டா கிடைச்ச விளைச்சல், அது அரபியிலை இருந்து வந்த சொல், ரெண்டையும் போகத்தோடை குழப்பக்கூடாது.

இது ஏன் முக்கியம் எண்டா, 2022 நெல் உற்பத்தி எண்டு ஒரு கணக்கு வரேக்கை அது 2021/22 பெரும்போகமும் 2022 சிறுபோகமும் சேர்ந்தது, அதிலை பெரிய பங்கு பெரும்போகம், அதாவது முந்தின வருசம் ஒக்டோபரிலை விதைச்சது. 2021 மே மாசம் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தது, நவம்பரிலை தடையை எடுத்தாலும் அப்ப பயிர் முளைச்சு நிண்டது, சந்தையிலை யூரியா இல்லை. விதைச்சு முதல் ரெண்டு மாசத்துக்குள்ளை மூண்டு நாலு தரம் யூரியா எறிய வேணும், அது கிடைக்காட்டி இலை மஞ்சளாகும், பயிர் மட்டம் வெடிக்காது, அதாவது அடியிலை பக்கத் தண்டுகள் விடாது, கதிர் குறையும். முந்தின 2020/21 பெரும்போகத்திலை 30 லட்சம் தொன்னுக்கு மேலை வந்த நெல் 2021/22 பெரும்போகத்திலை 20 லட்சத்துக்குக் கீழை போச்சுது. 2022இலை 7 லட்சம் தொன்னுக்கு மேலை அரிசி இறக்குமதி செய்ய வேண்டி வந்தது, டொலரும் இல்லாத நேரம், இந்தியக் கடனிலையும் அரிசி வந்தது, தமிழ்நாடு 40,000 தொன் அனுப்பிறம் எண்டு அறிவிச்சு மே மாசம் முதல் கப்பலை அனுப்பினது. ரூபா விழுந்தது, எரிபொருள் இல்லை, எல்லாம் சேர்ந்து 2022 செப்டெம்பரிலை கொழும்பிலை உணவுப் பணவீக்கம் 94.9 வீதம்.

அதாலை விளைச்சல் எதிர்பார்ப்பு எண்டு எதையாவது வாசிச்சா முதல்லை எந்தப் போகம் எண்டு பாருங்கோ, பிறகு அது நெல்லுக் கணக்கோ அரிசிக் கணக்கோ எண்டு பாருங்கோ, குத்தினாப் பிறகு மூண்டிலை ரெண்டு பங்குதான் அரிசி. கோதுமைக்கு இந்தப் போகக் கணக்கு ஒண்டும் இல்லை, அது முழுக்கக் கப்பலிலை வாறது, பாண் விலையைப் பாக்கிறதெண்டா டொலரைத்தான் பாக்க வேணும்.