கேஸ் விலையைச் சொல்லிப் பிள்ளைக்குப் பார்சல் கட்டாதீர்கள்

எடை குறைந்த பிள்ளையோடு கிளினிக்குக்கு வரும் பெற்றோரிடம் இரவுச் சாப்பாடு என்னவென்று கேட்டால், இப்போதெல்லாம் ஒரே பதில்தான் வருகிறது: “கொத்து, இல்லாட்டி கடை ரொட்டி. கேஸ் விக்கிற விலையில சமைச்சா கட்டுமா?” கட்டும். கணக்குப் பார்க்காமல் கட்டாது என்று முடிவு செய்துவிடுகிறோம்.

நடுத்தர அடுப்பு ஒன்று மணித்தியாலத்துக்கு 150 முதல் 200 கிராம் கேஸ் எரிக்கும். அப்படியென்றால் 12.5 கிலோ சிலிண்டர் குறைந்தது 60 மணித்தியாலம் வரும். சோறு, பருப்பு, ஒரு மரக்கறி மூன்றையும் ஒரே அடுப்பில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தாலும் சுமார் ஒரு மணித்தியாலம் போதும். சிலிண்டர் விலையை 60 ஆல் வகுங்கள். 4,200 ரூபாய் என்று வைத்தாலும் ஓர் இரவுக்கு 70 ரூபாய்தான். ஐந்து பேருக்குச் சமைக்க ஆகும் கேஸ் செலவு அவ்வளவுதான். 70 ரூபாய்க்கு எந்தக் கடையில் ஒரு கொத்து தருவார்கள்? சிலிண்டர் காசு மொத்தமாகப் போவதால் வலிக்கிறது. பார்சல் காசு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதால் தெரிவதில்லை. மாதக் கடைசியில் கடைக் கொப்பியைக் கூட்டிப் பாருங்கள், தெரியும்.

உண்மையில் கேஸ் வீணாகும் இடம் வேறு. நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் 94 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும், ஹட்டனில் 96 அளவில். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் திறந்த சட்டிக்குள் அதற்கு மேல் சூடு ஏறாது. அதனால்தான் கடலை மணிக்கணக்கில் வேகாமல் கிடக்கிறது. கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி போடுங்கள். கடலை, கௌபி என்றால் பிரஷர் குக்கர்தான் சரி. நம் ஊர்க் குளிர்த் தண்ணீரில் ஊறவும் நேரம் எடுக்கும். முதல் நாள் இரவே வெதுவெதுப்பான நீரில் போட்டு 10, 12 மணித்தியாலம் விடுங்கள். புளியும் தக்காளியும் வெந்த பிறகுதான் சேர வேண்டும், முன்னால் போட்டால் பருப்பு வகை இறுகும். மைசூர் பருப்புக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை.

ஐவருக்கு ஒரு வேளைக்கு 500 கிராம் அரிசி, 150 கிராம் மைசூர் பருப்பு, 300 கிராம் கோவா அல்லது லீக்ஸ், அத்தோடு 50 கிராம் நெத்தலி அல்லது மூன்று முட்டை. செலவைக் குறைக்க வேண்டி வந்தால் தயவுசெய்து பருப்பிலும் முட்டையிலும் கை வைக்காதீர்கள். கோதுமை மா ரொட்டியும் சம்பலும் வீட்டில் சுட்டதுதான், மலிவுதான். ஆனால் தினமும் அதுவே என்றால் பிள்ளை வளராது. 2016 ஆம் ஆண்டு குடித்தொகை, சுகாதார அளவீட்டில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுதும் 17 வீதம், தோட்டப்புறத்தில் 32 வீதம் அளவில். இதை வாசித்துவிட்டும் சின்னப் பிள்ளைக்குப் பருப்புத் தண்ணியை மட்டும் ஊற்றுகிறவர்களை என்ன சொல்வது? சட்டியின் அடியில் இருக்கும் கெட்டிப் பருப்பை முதலில் பிள்ளைக்குப் போடுங்கள். சாப்பாட்டோடு பிளேன்டீ வேண்டாம், ஒரு மணித்தியாலம் போகட்டும். தேயிலை இரும்புச் சத்தைச் சேரவிடாது.

“குளிர் ஊர்தானே” என்று மிஞ்சிய சோற்றை வெளியில் வைப்பதும் தவறு. ஃபிரிட்ஜ் என்றால் 5 பாகைக்குக் கீழ். லயன் அறை அவ்வளவு குளிராது. சோற்றில் வரும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஃபிரிட்ஜ் இல்லையென்றால் அளந்து வையுங்கள், மிஞ்சவே வேண்டாம்.

மலையில் கொழுந்து பறித்துவிட்டு வருகிறவரையே அடுப்படியில் நிறுத்தாதீர்கள். முதலில் வீடு சேர்கிறவர் அரிசியைக் கழுவிப் போட்டால் என்ன? மரக்கறி அரிய பெரிய பிள்ளைகளுக்கும் தெரியும்.

பிள்ளையின் வளர்ச்சி அட்டையில் கோடு ஏறாமல் நின்றால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். அட்டையோடு கடைக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் போங்கள். எதைக் குறைத்து எதை வாங்கலாம் என்று இரண்டையும் வைத்துக்கொண்டு பேசலாம்.