பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு பாத்ரூம் சாமான் வாங்குகிறவர்களுக்கு

காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் பிளம்பிங், சானிட்டரி வேலைகளை எடுத்துச் செய்கிறேன். பழைய வீட்டுக்குப் புது பாத்ரூம் கட்ட வருகிறவர்களில் பெரும்பாலானோர் போனில் ஒரு படத்தைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகன் அனுப்பிய படமாக இருக்கும். கறுப்பு நிறக் குழாய், தரையைத் தொடாமல் சுவரில் நிற்கும் கமோடு, தலைக்கு மேல் அகலமான மழை ஷவர். "இதே மாதிரி போட்டுடுங்க" என்பார்கள்.

படத்தில் இருப்பது நல்ல சாமான்தான். ஆனால் அந்த பாத்ரூமில் தினமும் ஆள் புழங்குகிறது. நம் பக்கத்துப் பெரிய வீடுகளின் கதை வேறு. பொங்கல், பிள்ளையார் நோன்பு, முன்னோரைக் கும்பிடும் படைப்பு, ஒரு கல்யாணம் என்றால் வீடு நிறைய ஆள். மற்ற மாதங்களில் முகப்பில் பூட்டு. பூட்டு இல்லையென்றால் எழுபது, எண்பது வயதில் ஆச்சியோ ஐயாவோ தனியாக இருப்பார்கள். பல மாதம் புழங்காமல் கிடந்தாலும் கெடக்கூடாது, வயதானவரைக் கீழே தள்ளிவிடக் கூடாது. செட்டிநாட்டு வீட்டுக்கு எந்தச் சாமான் எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டைத்தான். அழகெல்லாம் அப்புறம்.

நாற்றத்திலிருந்து ஆரம்பிக்கலாம். பூட்டிய வீட்டைத் திறப்பவர்கள் முதலில் சொல்லும் புகார் அதுதான். கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி, "தம்பி, செப்டிக் டேங்க் உடைஞ்சுபோச்சு போலிருக்கு, முற்றத்து வளவுவரைக்கும் நாறுது. நாளைக்குப் படைப்பு வேற" என்று பதறிப் போய்க் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் டேங்க் நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொரு பாத்ரூமிலும் தண்ணீர் வடியும் தரை டிராப்பில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, கமோடுகளை ஒரு தடவை ஃப்ளஷ் செய்துவிட்டு ஜன்னல்களைத் திறந்து வைத்தோம். சாயங்காலத்துக்குள் வீடு சரியாகிவிட்டது.

தரை டிராப்பின் வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும். சாக்கடைக் காற்றையும் கரப்பானையும் வீட்டுக்குள் வரவிடாமல் மறிப்பது அந்தத் தண்ணீர்தான். புழங்கும் வீட்டில் அது தினமும் நிரம்பும். பூட்டிய வீட்டில், நம் ஊர் வெயிலில், சில வாரங்களிலேயே வற்றிவிடும். அதனால் டிராப் வாங்கும்போது மேலே இருக்கும் ஜாலியின் பளபளப்பைப் பார்க்காதீர்கள். கவிழ்த்து உள்ளே பாருங்கள். தண்ணீர் நிற்கும் ஆழம் 50 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். ஒரு விரல் தண்ணீர்கூட நிற்காத மேலோட்டமான டிராப்புகளும் கடையில் கிடைக்கின்றன; அவை நமக்கு ஆகாது. ஒரு பாத்ரூமுக்குள் மூலைக்கு ஒன்றாக டிராப் வைக்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் வேண்டாம். ஒவ்வொரு டிராப்பும் வற்றப்போகும் இன்னொரு ஓட்டை. தரைவாட்டத்தைக் கொத்தனாரிடம் ஒழுங்காகச் சொல்லிச் செய்தால் ஒன்றே போதும்.

அடுத்தது தண்ணீர். காரைக்குடிக்காரர்களுக்குச் சம்பை ஊற்றுத் தண்ணீர் என்றால் ஒரு பெருமை உண்டு. ஆனால் இன்று கட்டும் பாத்ரூமுக்கு வருவது பெரும்பாலும் போர் தண்ணீர். தெருவுக்குத் தெரு, ஆழத்துக்கு ஆழம் அதன் குணம் மாறும். பக்கத்து வீட்டில் நன்றாக இருக்கிறதே என்று அதே குழாயை வாங்கிவிடாதீர்கள். ஒரு பாட்டில் தண்ணீரைப் பிடித்துப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துக் கடினத்தன்மை, அதாவது படியும் உப்பு, எவ்வளவு என்று கேளுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயத்தில் லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 600வரை. குளிக்கிற தண்ணீருக்கு அந்த வரம்பு கிடையாதுதான். ஆனால் உங்கள் சாமான் எத்தனை நாள் உழைக்கும் என்பதை அந்த எண் சொல்லிவிடும்.

உப்பு அதிகமான தண்ணீர் முதலில் கைவைப்பது குழாய் முனையில் இருக்கும் சல்லடையில். அதைக் கழற்றிப் பார்த்தால் வலைக்கண்களை அடைத்துக்கொண்டு சுண்ணாம்பு போல வெள்ளையாகப் படிந்திருக்கும். விரலால் சுரண்டினால் வராது. வினிகரில் ஊறப்போட்டால் நுரைத்துக் கரையும். அதனால் சல்லடையைக் கையாலோ சாதாரணச் சாவியாலோ கழற்ற முடிகிற குழாயாகப் பார்த்து எடுங்கள். ஷவருக்கும் அப்படித்தான். துவாரங்கள் ரப்பர் முனையோடு இருந்தால் விரலால் தேய்த்தாலே உப்பு உதிர்ந்துவிடும். உலோகத்தில் பொடித் துவாரம் போட்ட ஷவர் உப்புத் தண்ணீரில் சீக்கிரமே பாதி அடைத்து, தண்ணீரைப் பக்கவாட்டில் பீய்ச்ச ஆரம்பிக்கும். கறுப்புக் குழாய் கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: கறுப்பில் ஒவ்வொரு சொட்டும் வெள்ளைத் திட்டாகத் தெரியும். தினமும் துடைக்க வீட்டில் ஆள் இருந்தால் வாங்குங்கள்.

குழாயைக் கையில் எடுத்துப் பாருங்கள். பித்தளை உடம்பென்றால் கனமாக இருக்கும். துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே குரோமியம் பூசிய குழாயும் கடையில் அதே பளபளப்போடுதான் இருக்கும். பூச்சு ஒரு இடத்தில் விட்டுப்போனால் உள்ளே பொரிந்து, மரை தேய்ந்து, கழற்றும்போது கையோடு வந்துவிடும். உடம்பு எதில் செய்தது என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரமாட்டேன் என்கிற கடையில் வாங்க வேண்டாம். கொல்லைப்புறத்துக்கு மட்டும் நான் பித்தளை சொல்வதில்லை. பூட்டிய வீட்டில் வெளியே இருக்கும் பித்தளைக் குழாயை யாராவது கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். அங்கே பி.டி.எம்.டி. என்கிற கெட்டி பிளாஸ்டிக் குழாய் போதும். துருப்பிடிக்காது, கல்யாணக் கூட்டத்துக்கும் தாங்கும், திருடவும் ஒன்றுமில்லை.

மழை ஷவர் விஷயத்தில்தான் அதிக ஏமாற்றம். ஷவருக்கு வேண்டியது உயரம். தொட்டியின் தண்ணீர் மட்டம் ஷவரைவிட 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் 1 பார் அழுத்தம் கிடைக்கும். மழை ஷவர்களுக்குப் பெரும்பாலும் கிட்டத்தட்ட அவ்வளவு அழுத்தம் வேண்டும். நம் பழைய வீடுகள் ஓட்டுக்கூரை போட்டவை. மேலே தொட்டி ஏற்ற வழியில்லை. கொல்லையில் ஸ்டாண்டு போட்டு ஏற்றியிருப்பார்கள். அது ஷவரைவிடப் பத்தடி உயரம் இருந்தால் அதிகம். பத்தடி என்றால் 0.3 பார். அந்த அழுத்தத்தில் மழை ஷவர் கொட்டாது, சொட்டும். பிரஷர் பம்பு போடலாம், ஆனால் வருஷத்தில் பாதி நாள் ஓடாமல் கிடக்கும் பம்பு அவசரத்துக்கு மக்கர் செய்யும். குறைந்த அழுத்தத்துக்கென்றே வரும் சின்ன முக ஷவரோ கைஷவரோ இந்த வீடுகளுக்குப் போதும். கடைக்காரரிடம் "எத்தனை பார்ல வேலை செய்யும்?" என்று கேளுங்கள். பெட்டியிலேயே போட்டிருக்கும்.

இனி, நான் ரொம்பவும் வற்புறுத்திச் சொல்லும் ஒன்று. பழைய வீட்டுச் சுவரைக் கொத்தி உள்ளே பைப்பும், தண்ணீரைக் குழாய்க்கும் ஷவருக்கும் மாற்றிவிடும் டைவர்ட்டரும் புதைக்காதீர்கள். அவை செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி, கண்ணாடி போல இழைத்த சுவர்கள். ஒரு தடவை கொத்தினால் அந்தப் பூச்சைத் திரும்பக் கொண்டுவர ஆள் கிடைப்பது கஷ்டம். அதைவிடப் பெரிய ஆபத்து கசிவு. உள்ளே சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் பூட்டிய வீட்டில் பார்க்க யார் இருக்கிறார்கள்? சுண்ணாம்புச் சுவர் மாதக்கணக்கில் ஈரத்தைக் குடிக்கும். அடுத்து ஈரம் பர்மா தேக்கு நிலைக்குப் போகும், பின்னாலேயே கரையான் வரும். பாத்ரூமைப் பின்கட்டுப் பக்கம் தனியாகக் கட்டுவதே நல்லது. உள் அறையில்தான் வேண்டும் என்றால், பழைய சுவருக்கு முன்னால் செங்கல்லில் மெல்லிய புதுச்சுவர் எழுப்பி அதில் பைப்பை ஓட்டுங்கள். வெந்நீருக்கு, சூடு தாங்கும் பிளாஸ்டிக்கான சி.பி.வி.சி. பைப்தான். டைல்ஸ் ஒட்டுமுன் லைனில் அழுத்தம் ஏற்றி, ஒரு ராத்திரி விட்டு, காலையில் மீட்டரின் முள் இறங்கவில்லை என்று நீங்களே பாருங்கள்.

டைவர்ட்டருக்குப் பதிலாக வெந்நீரையும் தண்ணீரையும் கலந்து தரும், சுவருக்கு வெளியே தெரியும் வால்மிக்ஸர் போடச் சொல்கிறேன். வெந்நீருக்கும் தண்ணீருக்கும் வரும் இரண்டு வாய்க்கும் நடுவே 150 மில்லிமீட்டர் இடைவெளி என்பது எல்லாக் கம்பெனிக்கும் பொது. பத்து வருஷம் கழித்து ஒன்று கெட்டால் வேறு எந்தக் கம்பெனி மிக்ஸரையும் அங்கேயே மாட்டலாம். புதைத்த டைவர்ட்டரின் உள்பாகம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அந்த மாடலை நிறுத்திவிட்டால் சுவரை உடைப்பது ஒன்றே வழி. சுவருக்குள் மறைக்கும் ஃப்ளஷ் டேங்கையும் இதே காரணத்துக்காகத்தான் தவிர்க்கச் சொல்கிறேன்.

கமோடு எடுக்கும்போது இரண்டு அளவு கையில் இருக்க வேண்டும். தரையில் இறங்கும் எஸ் டிராப் என்றால், சுவரிலிருந்து பைப்பின் நடுமையம்வரை எவ்வளவு என்று டைல்ஸ் கனத்தையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள். 9 அங்குலத்துக்கு வைத்த பைப்பில் 12 அங்குலக் கமோடு உட்காராது. இண்டியன் பேசினை எடுத்துவிட்டு வெஸ்டர்ன் வைப்பவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்; சாமான் வந்து இறங்கிய பிறகு தரையை உடைக்கிறார்கள். இரண்டாவது அளவு உயரம். சாதாரணமாக 400 மில்லிமீட்டர் அளவில் வரும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது தாழ்வு. 450 அளவுக்கு வருவதையும் கேட்டு வாங்கலாம். பெரியவரைக் கடைக்கே அழைத்துப்போய் உட்காரவைத்துப் பாருங்கள். பாதம் முழுதும் தரையில் பதிந்து, கையை ஊன்றாமல் எழ முடிகிறதா என்று பார்த்தால் போதும். கூச்சப்படுவார்கள், பரவாயில்லை. 3 லிட்டர், 6 லிட்டர் என்று இரண்டு பொத்தான் உள்ளதாகவும், இந்தியத் தரநிர்ணயமான ஐஎஸ் 2556 முத்திரை போட்டதாகவும் எடுங்கள்.

கைப்பிடி விஷயத்தில் தயவுசெய்து கஞ்சத்தனம் வேண்டாம். பெரியவர்கள் எழும்போது கைக்கு எட்டியதைப் பிடிப்பார்கள். அங்கே துண்டு போடும் கம்பி இருந்தால் அதைத்தான் பிடிப்பார்கள், அது பிடுங்கிக்கொண்டு வரும். கமோடு பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும் ஒரு ஆள் கனம் தாங்கும் கைப்பிடி வேண்டும். துருவேறாத 304 ஸ்டீல் எடுத்து, செங்கல்வரை இறங்கும் ஆங்கர் போல்ட்டில் மாட்டுங்கள். வேலை முடிந்ததும் பிளம்பரையே பிடித்துத் தொங்கச் சொல்லுங்கள். நான் என் ஆட்களை அப்படித்தான் செய்யச் சொல்கிறேன். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக் கிடந்தால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் போடுங்கள். இந்த இரண்டுக்கும் பெரிய செலவில்லை.

தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதிக்க ஆசைப்படுகிறவர்கள் உண்டு. பக்கத்து ஊரில் கையால் செய்யும் கல், எனக்கும் அதன்மேல் பிரியம்தான். வளவில் போடுங்கள், அறைகளில் போடுங்கள். சோப்புத் தண்ணீர் ஓடும் இடத்தில் மட்டும் வேண்டாம், அந்த வழுவழுப்பு காலை வாரிவிடும். அங்கே சொரசொரப்பான ஆன்டி-ஸ்கிட் டைல்ஸே சரி. ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் செய்தது என்பதால் ஆசிட் பட்டால் மேல்பூச்சு வெந்துவிடும்.

அந்த ஆசிட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விருந்தாளி வருமுன் பூட்டிய வீட்டைச் சுத்தம் செய்ய வருகிறவர்கள் முதலில் கேட்பது ஆசிட் பாட்டில்தான். அது உப்பைக் கரைக்கிற வேகத்தில் குழாயின் குரோமியப் பூச்சையும் டைல்ஸ் இடுக்குச் சிமெண்டையும் அரித்துவிடும். அரிமானத்தையும் உலோகப் பூச்சையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953இலிருந்து நம் காரைக்குடியிலேயே இருக்கிறது. அதே ஊரில் நாம் புதுக் குழாயை ஆசிட்டால் கழுவுகிறோம். பொருள் போனால் போகட்டும், உயிருக்கே ஆபத்து உண்டு: ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரைத் தூவினால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சாத்திய பாத்ரூமில் அது மூச்சையே நிறுத்திவிடும். இரண்டையும் ஒன்றாக வீட்டில் வைக்கவே வேண்டாம்.

கீசருக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்து, மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டுவிடுங்கள். ரொம்ப நாள் கழித்து வந்தால், வெந்நீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் நன்றாக ஓடுவதைப் பார்த்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும். காலித் தொட்டியில் போட்டால் சூடேற்றும் காயில் (கம்பிச்சுருள்) கருகிவிடும்.

பாத்ரூமுக்கு வரும் மெயின் லைனில் பழைய கேட் வால்வுக்குப் பதில் கைப்பிடியைக் கால்வாசி திருப்பினாலே அடைபடும் பால் வால்வு வையுங்கள். கேட் வால்வு உப்புப் பிடித்து இறுகிக்கொள்ளும், அவசரத்துக்கு அடைபடாது. ஊருக்குக் கிளம்பும் அன்று அதை அடைத்துவிட்டு, கமோடு பக்கத்தில் கழுவ வைத்திருக்கும் ஹெல்த் ஃபாசெட்டின் ஆங்கிள் காக் வால்வையும் மூடுங்கள். ஆள் இல்லாத நேரத்தில் அந்த ஹோஸ் வெடித்தால் தொட்டித் தண்ணீர் முழுக்க வீட்டுக்குள்தான் போகும். பிறகு ஒவ்வொரு டிராப்பிலும் ஒரு வாளி தண்ணீர் விட்டு, அதன்மேல் ஒரு கரண்டி சமையல் எண்ணெய் ஊற்றுங்கள். எண்ணெய்ப் படலம் மிதந்தால் தண்ணீர் சீக்கிரம் வற்றாது. குழாய் வாங்கும்போதே அந்த மாடலின் உள்பாகமான கார்ட்ரிட்ஜ் ஒன்று, ஃப்ளஷ் வாஷர் இரண்டு சேர்த்து வாங்கி, பில்லோடு ஒரு டப்பாவில் போட்டு, வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவரிடம் கொடுத்துவையுங்கள். பால் வால்வு எங்கே இருக்கிறது என்பதையும் அவருக்குக் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.