முள் பச்சையில் நின்றால் போதுமா? சிறு படகுகளின் தீயணைப்பான்கள் குறித்து

பழைய படகை வாங்க விரும்புவோருக்காக அதன் உடல், எஞ்சின், மின்கம்பிகள் ஆகியவற்றைச் சோதித்து அறிக்கை தருவது என் தொழில். மரைன் சர்வேயர் என்று சொல்வார்கள். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், செசபீக் விரிகுடாவை ஒட்டிய படகுத்துறைகளில்தான் என் வாரத்தின் பெரும்பகுதி கழிகிறது. கோடை வார இறுதிகளுக்கென்று இருபது, இருபத்தைந்து அடிப் படகொன்றை வாங்க நினைக்கும் தமிழ்க் குடும்பங்களும் இப்போது அவ்வப்போது என்னை அழைக்கிறார்கள். அப்படி அழைத்த ஒரு தம்பதியருடன் 23 அடி நீளமுள்ள ஒரு படகைப் பார்க்கச் சென்ற நாளிலிருந்து இதைத் தொடங்குகிறேன்.

ஓட்டுநர் இருக்கைக்கு அடியில், உயிர்காப்பு மேலங்கிகளுக்கும் ஈரமான கயிற்றுச் சுருளுக்கும் கீழே, வெள்ளை நிறத்தில் இரண்டு சிறிய தீயணைப்பான்கள் கிடந்தன. கணவர் ஒன்றைக் கையில் எடுத்து அழுத்தமானியைக் காட்டி, "அண்ணா, முள் பச்சையில்தானே நிற்கிறது?" என்றார். நான் அதை வாங்கித் தலைகீழாகத் திருப்பினேன். உருளையின் அடிப்பாகத்தில், துருவுக்கு நடுவே, "06" என்று இரண்டு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருந்தன. 2006இல் தயாரிக்கப்பட்ட உருளை அது. பின்னர் அதைக் கரையில், காலியான சரளைக்கல் திடலில் இயக்கிப் பார்த்தோம். ஒரு கைப்பிடியளவு மஞ்சள் தூள் பறந்தது. அதன்பின் வெறும் காற்றுதான் சீறிக்கொண்டு வெளியேறியது. தூளின் பெரும்பகுதி உள்ளே கட்டியாக இறுகிக் கிடந்தது. முள் சொன்னது பொய்யல்ல. உள்ளே அழுத்தம் இருந்தது; அழுத்தம் மட்டுமே இருந்தது.

அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் திருத்தப்பட்ட விதிகள் 2022 ஏப்ரல் 20 முதல் நடைமுறைக்கு வந்தன. பலர் இன்னும் அறியாத செய்தி அவற்றில் ஒன்று உண்டு. மீண்டும் நிரப்ப முடியாத தீயணைப்பான், உருளையில் பொறிக்கப்பட்ட தயாரிப்பு ஆண்டிலிருந்து 12 ஆண்டுகள் நிறைவுற்றதும், முள் எங்கே நின்றாலும், ஒருமுறைகூடப் பயன்படுத்தப்படாமல் புதிதுபோலவே இருந்தாலும், படகில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படாது. அந்த ஆண்டு சில உருளைகளில் நான்கு இலக்கங்களிலும், சிலவற்றில் இரண்டு இலக்கங்களிலும், பெரும்பாலும் அடிப்பாகத்திலோ யூஎல் என்ற பாதுகாப்புச் சோதனை நிறுவனத்தின் முத்திரைக்கு அருகிலோ இருக்கும். கடையில் வாங்கிய ரசீதின் தேதி இங்கே செல்லாது. இரண்டாண்டுகளாகக் கடையின் அலமாரியில் கிடந்த உருளையை வாங்கினால் உங்களுக்குக் கிடைப்பது பத்து ஆண்டுகள்தான். ஆகவே பணம் கொடுப்பதற்கு முன் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள்.

பன்னிரண்டு ஆண்டுகள் என்ற வரம்புக்குக் காரணம் இருக்கிறது. மீண்டும் நிரப்பக்கூடிய உருளையைத் தொழில்முறைப் பணியாளர் ஆண்டுதோறும் சோதிப்பார். ஆறாம் ஆண்டில் திறந்து உள்ளே பார்ப்பார். பன்னிரண்டாம் ஆண்டில் நீரழுத்தச் சோதனை செய்வார். பிளாஸ்டிக் தலையுடன் வரும் மலிவான உருளையை எவரும் திறப்பதில்லை. அதன் உள்ளே ரப்பர் வளையம் காய்ந்ததா, தூள் இறுகியதா என்று அறிய வழியில்லை. அலைகளில் படகு எகிறி விழும்போது ஏற்படும் ஓயாத அதிர்வும், கடற்காற்றின் ஈரமும் உப்பும் வீட்டுச் சமையலறையில் தொங்கும் உருளைக்கு நேராதவை. மாதம் ஒருமுறை உருளையைத் தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பாகத்தை உள்ளங்கையால் தட்டி, தூள் சரிந்து இறங்குவதை உணர வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வது அதனால்தான். இது விதியில் இல்லை, என் பழக்கம்.

பிளாஸ்டிக் கைப்பிடி கொண்டவற்றைப் பற்றி இன்னொன்றும் உண்டு. 2017 நவம்பரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்த்து ஏறத்தாழ 4 கோடி தீயணைப்பான்கள் திரும்பப் பெறப்பட்டன. நெருக்கடியில் அழுத்தும்போது அடைத்துக்கொள்ளலாம், அல்லது நாசில் கழன்று பறக்கலாம் என்பது காரணம். பழைய படகுகளின் பெட்டிகளில் அவை இன்றும் கிடக்கின்றன என்பதைக் கண்ணால் கண்டு சொல்கிறேன்.

இனி எத்தனை வேண்டும், எந்தத் தரத்தில் வேண்டும் என்பது. உருளையின் முகத்தில் "5-பி" அல்லது "20-பி" என்று எழுதியிருக்கும். "பி" என்பது பெட்ரோல், எண்ணெய் போன்ற திரவங்களில் பற்றும் தீயைக் குறிக்கும். முன்னால் உள்ள எண், பயிற்சியில்லாத ஒருவர் அந்த உருளையால் அணைக்கக்கூடிய தீயின் பரப்பைச் சதுர அடியில் சொல்கிறது. ஐந்து சதுர அடி என்றால் இரண்டரை அடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட இடம். எஞ்சின் மூடியின் பாதிகூட இராது. இதைக் கேட்ட பிறகு பலர் தாமாகவே இன்னொரு உருளை வாங்கிவிடுகிறார்கள்.

26 அடிக்குக் குறைவான படகுக்கு ஒரு 5-பி போதும் என்கிறது விதி. 26 முதல் 40 அடிக்குள் என்றால் இரண்டு 5-பி அல்லது ஒரு 20-பி. 40 முதல் 65 அடி வரை மூன்று 5-பி, அல்லது ஒரு 20-பியும் ஒரு 5-பியும். எஞ்சின் அறையில் நிலையான தீயணைப்பு அமைப்பு பொருத்தப்பட்டிருந்தால் இந்த எண்ணிக்கை ஒன்று குறையும். 2018 அல்லது அதற்குப் பிந்தைய மாடல் ஆண்டுப் படகுகளில் இந்தப் புதிய எண் தரமுள்ள உருளைகள் மட்டுமே செல்லும். 1953 முதல் 2017 வரையிலான மாடல்களில் "பி-1", "பி-2" என்ற பழைய முத்திரையுள்ளவை, நல்ல நிலையில், 12 ஆண்டுகளுக்குள் இருக்கும்வரை அனுமதிக்கப்படுகின்றன. காலம் முடிந்ததும் புதிய தரத்துக்கு மாறியாக வேண்டும். உருளையில் கடலோரக் காவல்படையின் ஒப்புதல் எண்ணும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். காருக்கும் வீட்டுக்கும் விற்பவற்றில் அது இல்லாமல் போகலாம்.

"எங்களுடையது அவுட்போர்டு எஞ்சின், எங்களுக்கு இது தேவையில்லை" என்பது நான் அதிகம் கேட்கும் வாதம். அவுட்போர்டு என்பது படகின் பின்புறத்தில் வெளியே மாட்டும் எஞ்சின். 26 அடிக்குக் குறைவான, முற்றிலும் திறந்த அமைப்பிலுள்ள அவுட்போர்டு படகுக்கு விலக்கு உண்டு என்பது உண்மையே. ஆனால், எரிபொருள் ஆவி தேங்கக்கூடிய ஓர் இடம் படகில் இருந்தாலே அந்த விலக்கு போய்விடுகிறது: எரிபொருள் தொட்டி நிலையாகப் பொருத்தப்பட்டிருப்பது, கையில் தூக்கும் தொட்டியை வைக்கக்கூடிய மூடிய அறை இருப்பது, எரியக்கூடிய பொருள்கள் வைக்கும் மூடிய பெட்டி இருப்பது, மூடிய தங்கும் அறை இருப்பது, இரட்டைத் தளத்தின் இடைவெளி உடலோடு அடைக்கப்படாமலோ மிதவைப் பொருளால் முழுமையாக நிரப்பப்படாமலோ இருப்பது ஆகியவற்றில் ஒன்று போதும். படகில் உள்ளவர்களால் நகர்த்த முடியாத அளவு கனமான தொட்டியும் நிலையான தொட்டியாகவே கருதப்படும். இன்று விற்பனையாகும் குடும்பப் படகுகளில் இவற்றில் ஒன்றாவது இல்லாததை நான் அரிதாகவே பார்க்கிறேன்.

உருளை படகில் இருந்தால் மட்டும் போதாது. உடனே கைக்கு எட்டுமாறு இருக்க வேண்டும் என்பதும் விதி. கயிற்றுக்கும் ஐஸ் பெட்டிக்கும் அடியில் இருப்பது எட்டும் இடமல்ல. உறையிலிருந்து பிரிக்காத அட்டைப் பெட்டியோடு தீயணைப்பானை வைத்திருந்த ஒருவரும் உண்டு. "புதிதாகவே இருக்கட்டும்" என்று நினைத்தாராம். எஞ்சின் அறைக்குள்ளும் மாட்டக் கூடாது, ஏனெனில் தீ பற்றும் இடத்துக்குள் கையை விட்டு எவரும் அதை எடுக்க முடியாது. ஓட்டுநர் இருக்கைக்கு அருகிலும், அறையுள்ள படகானால் அதன் வாசலுக்கு அருகிலும், அதற்குரிய தாங்கியில் மாட்டுங்கள். பாதுகாப்பு ஊசி உறுதியாகச் செருகப்பட்டிருக்கிறதா, நாசிலில் குளவி கூடு கட்டியிருக்கிறதா, துருவோ நசுங்கலோ தெரிகிறதா என்பனவற்றை விதி கேட்கும் நல்ல நிலையின் பகுதியாகவே பார்க்க வேண்டும். குளவிக்கூட்டை நான் விளையாட்டுக்காகச் சொல்லவில்லை.

தீயணைப்பான் கடைசிக் கருவி. முதல் வேலை பெட்ரோல் ஆவியைச் சேரவிடாமல் தடுப்பது. உள்ளே எஞ்சின் பொருத்தப்பட்ட படகுகளின் விதிகள் பெரும்பாலும் இதைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. காரில் கசிந்தால் கீழே சாலையில் பரவிக் கலைந்துவிடும். படகில் அது கலைய வழியில்லாமல், தண்ணீர்போல இறங்கி, பில்ஜ் எனப்படும் அடிக்குழியில் தேங்குகிறது. காற்றில் அது 1.4 விழுக்காட்டைத் தொட்டாலே ஒரு பொறிக்கு வெடிக்கும். குளிர்காலம் என்பது இதற்குப் பாதுகாப்பாகாது. பூச்சியத்துக்குக் கீழே நாற்பது டிகிரி செல்சியஸ் அளவில்கூடப் பற்றக்கூடிய ஆவியைப் பெட்ரோல் வெளியிடும்.

ஆகவேதான் 1980 ஆகஸ்ட் 1 முதல் கட்டப்பட்ட, மூடிய அறையில் பெட்ரோல் எஞ்சின் உள்ள படகுகளில் புளோயர் எனப்படும் வெளியேற்றும் விசிறி கட்டாயம். எஞ்சினைத் தொடங்கும் முன் குறைந்தது 4 நிமிடங்கள் அதை ஓடவிட்டு, அடிக்குழியில் ஆவி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்ற எச்சரிக்கைப் பட்டியும் ஓட்டுநர் முன் ஒட்டப்பட்டிருக்கும். வாங்க வருபவர்களிடம் நான் சுவிட்சைப் போட்டுக் காட்டுவதோடு நிறுத்துவதில்லை. விசிறியின் சத்தம் கேட்கும். ஆனால் அடிக்குழியில் இறங்கும் நெளிகுழாய் எங்கோ கழன்று, விசிறி மேலே உள்ள நல்ல காற்றையே வெளியேற்றிக்கொண்டிருக்கும். வெளிப்புறத் துளையில் உள்ளங்கையை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்த பிறகு, எஞ்சின் மூடியைத் திறந்து குழாயின் கீழ்முனை இருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் என் மூக்கையே நம்புவேன். எரிபொருள் நிரப்பும்போது அனைவரும் கரையில் நிற்கட்டும், எல்லா மூடிகளும் மூடியிருக்கட்டும். நிரப்பி முடித்த பின் மூடிகளைத் திறந்து, குனிந்து முகர்ந்து, புளோயரை ஓடவிட்டு, அதன்பிறகே சாவியைத் திருப்புங்கள். பின்னால் வரிசையில் நிற்பவர் ஹாரன் அடித்தாலும் அந்த நான்கு நிமிடம் உங்களுடையது.

1940 ஏப்ரல் 25க்குப் பின் பொருத்தப்பட்ட பெட்ரோல் எஞ்சின்களில், அவுட்போர்டு தவிர மற்றவற்றில், காற்று உள்ளிழுக்கும் வாயில் சுடர்த்தடுப்பி இருக்க வேண்டும். எஞ்சின் பின்னடித்துக் கக்கும் நெருப்பை அந்த உலோக வலை உள்ளேயே அடக்குகிறது. எண்ணெய் படிந்தால் கழுவிப் பொருத்தலாம். கழற்றிவிட்டு ஓட்டக் கூடாது. இதைவிட எனக்கு அதிகக் கவலை தருவது வேறு. ஆல்டர்நேட்டரோ ஸ்டார்ட்டரோ பழுதானால், அதே அளவில் பாதி விலைக்குக் கிடைக்கும் கார் உதிரியை மாட்டிவிடுகிறார்கள். பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போல இருக்கும். படகுக்குரியதில் உள்ளே எழும் பொறி வெளியே உள்ள ஆவியைப் பற்றவைக்காதவாறு கட்டப்பட்டிருக்கும். காருக்குரியதில் அந்த ஏற்பாடு இல்லை. என் அறிக்கைகளில் சிவப்பு மையால் எழுதும் குறைகளில் முதலாவது இது.

தீ பற்றிவிட்டால் எஞ்சினை நிறுத்துங்கள். தீ காற்றடிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்புறம் அமையுமாறு படகைத் திருப்புங்கள். உயிர்காப்பு மேலங்கியை அணியுங்கள். எஞ்சின் மூடியை அகலத் திறந்து பார்க்கும் ஆர்வம் எல்லோருக்கும் வரும். திறந்த கணமே காற்று உள்ளே பாய்ந்து தீ எழும்பும். சில மூடிகளில் தீயணைப்பானின் நாசிலை மட்டும் நுழைக்க ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். அது இருக்கும் இடத்தைக் கரையில் நிற்கும்போதே தெரிந்துகொள்ளுங்கள். சிறிய உருளை ஏறத்தாழ பத்து வினாடிகளில் தீர்ந்துவிடும். அதற்குள் தீ அடங்காவிட்டால் படகை விட்டு விலகுவதே முறை.

ஆண்டுக்கு ஒருமுறை படகைச் சோதித்துக்கொள்ள விரும்புவோருக்கு, கடலோரக் காவல்படையின் துணைப்படைத் தன்னார்வலர்கள் கட்டணமின்றி வந்து பார்க்கிறார்கள். குறை இருந்தால் சொல்வார்கள், அபராதம் இல்லை, தேறினால் ஓர் ஒட்டுப்பட்டி தருவார்கள். டொராண்டோவிலிருந்து படிப்பவர்கள் கவனிக்க வேண்டியது, கனடாவின் விதிகள் வேறு. அங்கே படகு மீட்டர் கணக்கில் பிரிக்கப்படுகிறது, மேலே சொன்ன அடிக்கணக்கு அங்கே பொருந்தாது.

காலாவதியான உருளையைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். அதற்குள் அழுத்தம் இன்னும் இருக்கிறது. உங்கள் மாவட்டத்தின் அபாயக் கழிவு சேகரிப்பு மையத்தில் ஒப்படைக்கலாம். அந்தத் தம்பதியர் தங்கள் இரண்டாவது உருளையை அவ்வாறு கொடுப்பதற்கு முன், பன்னிரண்டு வயது மகளிடம் ஊசியை இழுத்துப் பழகச் சொன்னார்கள். துருப்பிடித்த ஊசி நகரவே இல்லை. கடைசியில் தந்தைதான் இடுக்கியைத் தேடிப் போனார்.