குழாய் டிவியில் கணினிப் படம்: ஒரே ஒரு கெப்பாசிட்டர் செய்யும் வேலை

2019 அக்டோபரோடு மலேசியாவில் அனலாக் ஒளிபரப்பு முழுவதும் நின்றுபோனது. குழாய் டிவியின் ஏரியல் துளைக்கு அதோடு வேலை இல்லை. ஆனால் பக்கத்தில் இருக்கும் மஞ்சள் வீடியோ துளைக்கு ஒன்றும் ஆகவில்லை. பழைய மடிக்கணினியில் எஸ்-வீடியோ என்ற வட்டமான துளை இருந்தால், இரண்டையும் இணைக்கும் கேபிளை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். கோலாலம்பூர்க்காரர்களுக்கு உதிரிப் பாகம் என்றால் ஜாலான் பசார்தான். வேண்டியவை அங்கே கிடைக்கும்.

கணினித் திரையை இணைக்கும் நீல நிற விஜிஏ துளையிலிருந்தே கம்பி இழுக்கக்கூடாதா என்று பலர் கேட்பார்கள். கூடாது. 640×480 படத்துக்கு விஜிஏ நொடிக்கு ஏறக்குறைய 31,500 கோடுகள் வரைகிறது. நம் நாட்டு டிவி வரைவது 15,625 தான்: ஒரு படத்துக்கு 625 கோடு, நொடிக்கு 25 படம். கம்பியை எப்படிப் பற்றவைத்தாலும் இந்த வேகம் பாதியாகாது. எஸ்-வீடியோவில் அந்த மாற்றத்தைக் கணினியே உள்ளே செய்துவிடுகிறது.

சரி, எஸ்-வீடியோவில் என்ன வருகிறது? ஒரு கம்பியில் வெளிச்சம், இன்னொன்றில் நிறம். மஞ்சள் துளையோ இரண்டையும் ஒரே கம்பியில் கேட்கிறது. அப்படியே முறுக்கிச் சேர்த்தால் ஒன்றின் மின்சாரம் மற்றொன்றின் 75 ஓம் வெளியீட்டுக்குள் கசியும். வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், படம் மங்கும்.

இங்கேதான் 470 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டர் வருகிறது. அதை நிறக் கம்பியின் நடுவே வைக்கிறோம். கெப்பாசிட்டர் மெதுவான அலையைத் தடுக்கும், வேகமான அலைக்கு வழிவிடும். கோடு வரையும் வேகமான 15,625 ஹெர்ட்ஸில் அதன் தடை சுமார் 21,700 ஓம். நிறம் பயணிக்கும் 4.43 மெகாஹெர்ட்ஸில் வெறும் 76 ஓம். அதனால் வெளிச்சம் பெரும்பாலும் நிறத்தின் பக்கம் கசிவதில்லை, நிறமோ கடந்து வந்துவிடுகிறது. நிறம் கொஞ்சம் வலுவிழந்துதான் வரும். ஆனால் ஒவ்வொரு கோட்டின் தொடக்கத்திலும் டிவி ஒப்பிட்டுப் பார்க்க வரும் நிற மாதிரி அலையும் அதே அளவு வலுவிழப்பதால், டிவி அதைப் பார்த்துத் தானே ஈடுகட்டிக்கொள்கிறது. இத்தனை சின்னப் பொருள் இவ்வளவு நுணுக்கமாகப் பிரிப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

செய்வது எளிது. எஸ்-வீடியோ பிளக்கில் 1, 2 ஆகிய முனைகள் தரை, 3 வெளிச்சம், 4 நிறம். தரை இரண்டையும் மஞ்சள் பிளக்கின் வெளி வளையத்துக்கும், 3-ஐ நேராக நடு ஊசிக்கும், 4-ஐ கெப்பாசிட்டர் வழியாக அதே ஊசிக்கும் பற்றவையுங்கள். கெப்பாசிட்டரின் மேல் 471 என்று அச்சிட்டிருக்கும்: 47, அப்புறம் ஒரு பூஜ்யம். பின்னல் உறையுள்ள கம்பியையே வாங்குங்கள். மீட்டரால் ஊசிக்கும் வளையத்துக்கும் இடையே ஷார்ட் இல்லை என்று பார்த்தபின், இரண்டு கருவிகளையும் அணைத்துவிட்டுச் செருகுங்கள். டிவியின் மூடியை மட்டும் திறக்கவே வேண்டாம். குழாயில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், அணைத்த பிறகும் தங்கியிருக்கலாம்.

படம் கருப்பு வெள்ளையாக வந்தால், கேபிளைப் பிரிக்கும் முன் கணினியின் டிவி அமைப்பைப் பாருங்கள். அது அமெரிக்க என்டிஎஸ்சி முறையில் இருக்கலாம். நம் நாட்டு டிவி முறையான பிஏஎல்-பி என்று மாற்றுங்கள். சின்ன எழுத்தின் ஓரங்களில் வானவில் புள்ளிகள் தெரியும். நெருக்கமான செங்குத்துக் கோடுகளின் அதிர்வெண் 4.43 மெகாஹெர்ட்ஸை நெருங்கும்போது டிவி அதையும் நிறம் என்று எடுத்துக்கொள்கிறது. படம் பார்க்க இது தொல்லையில்லை. படிக்க வேண்டுமென்றால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், அல்லது நான்காம் முனையைக் கழற்றிவிடுங்கள்: நிறம் போகும், புள்ளிகளும் போகும்.