காயலாங்கடை உளி வாங்குறதுக்கு முன்னாடி தலையப் பாருங்க

குன்னூர்ல தச்சு வேலை பாத்துட்டு இருக்கேன், இருபது வருசத்துக்கு மேல ஆச்சு. இப்ப நெறைய பசங்க வீட்டுலயே மரவேலை பழகுறாங்க, ரொம்ப சந்தோஷம், ஆனா பழைய இரும்புக்கடையில இருந்து அவங்க அள்ளிட்டு வர்ற சாமானப் பாத்தா சில நேரம் பக்குனு இருக்கு.

நம்ம மலையில நல்ல பழைய டூல்ஸ் இன்னும் கெடைக்குது. எஸ்டேட் பங்களா, டீ ஃபேக்டரினு எங்கயாவது ஒழிச்சுப் போட்டா ஸ்டான்லி, ரெக்கார்டு கம்பெனி இழைப்புளி, இங்கிலாந்து ஷெஃபீல்டு ஊர் முத்திரை போட்ட உளி எல்லாம் எடைக்கு வந்துடும். உளியில 'காஸ்ட் ஸ்டீல்'னு அடிச்சிருந்தா வார்ப்பிரும்புனு நெனச்சு ஒதுக்கிடுறாங்க. அது வார்ப்பிரும்பே இல்லைங்க. 1740கள்ல ஷெஃபீல்டு பக்கம் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன்னு ஒரு கடிகாரக்காரர், நகை ஆசாரி மூசையில தங்கத்த உருக்குற மாதிரி எஃகை உருக்கி எடுத்தாரு, அந்த வழியில வந்த எஃகு அது. கூர் நிக்கும், விட்றாதீங்க.

நான் பயப்படுறது சுவர் கொத்துற இரும்பு உளி, பஞ்ச் இதுகளுக்குத்தான். வருசக்கணக்கா சுத்தியல் அடி வாங்கி தலை காளான் மாதிரி விரிஞ்சு ஓரமெல்லாம் பிளந்து நிக்கும், அடுத்த அடியில அந்த ஓரம் சில்லா தெறிக்கும். போன மழைக்காலத்துல நம்ம பட்டறைக்கு வர்ற தம்பி ஒருத்தர் அப்படியே வாங்குன கையோட அடிச்சாரு, சில்லு புருவத்துல ஏறிடுச்சு. அரை இஞ்ச் கீழ போயிருந்தா கண்ணு போயிருக்கும். விரிஞ்ச ஓரத்த முழுசா ராவி எடுத்துட்டுதான் சுத்தியல தொடணும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாம அடிக்கவே கூடாது.

இழைப்புளி வாங்கினா பிளேடக் கழட்டிட்டு பாடிய தொங்க விட்டு மரக்கைப்பிடியால தட்டுங்க, மண்பானை வாங்குறப்ப தட்டுவோமே அப்படி. சத்தம் செத்துப் போச்சுனா எங்கயோ விரிசல் இருக்கு, வாய்ப் பக்கம், அதான் பிளேடு முனை வெளிய வர்ற இடுக்கு, நல்லா வெளிச்சத்துல பாருங்க. மேல இருக்குற துரு போயிடும், ஆனா பிளேடோட தட்டைப் பக்கத்துல முனைகிட்ட குழி விழுந்திருந்தா கூர் ஒழுங்கா வராது. முனையில நீலம் ஓடியிருந்தா யாரோ சாணையில சூடேத்திட்டாங்க, கிட்டத்தட்ட 300 டிகிரி போனாதான் அந்த நீலம் வரும், அந்த எடத்துல பதம் போச்சு. கொஞ்சம்னா தண்ணில முக்கி முக்கி தேச்சு நீலத்தத் தாண்டிடலாம், ரொம்ப ஏறியிருந்தா வேண்டாம்.

துரு எடுக்க வினிகர்ல ஒரு ராத்திரி ஊற வச்சு, சமையல் சோடா கரைச்ச தண்ணியில கழுவி, உடனே தொடச்சிடுங்க. வீடியோ பாத்து பேட்டரி சார்ஜர் வச்சு தண்ணியில கரண்ட் விட்டு துரு எடுக்குறவங்க, சார்ஜரோட இன்னொரு முனையில மாட்ட எவர்சில்வர் தட்டு, கரண்டி எதையும் உள்ள போட்டுறாதீங்க, அதுல இருக்குற குரோமியம் விஷமா தண்ணியில கரையும். சாதா இரும்புத் துண்டு போதும், கதவு ஜன்னல் தொறந்து வைங்க.

அப்புறம் எண்ணெய். ஊட்டியில ஜூன் ஜூலை, நமக்கு அக்டோபர் நவம்பர், காத்துல இருக்குற ஈரத்துக்கே ஒரே வாரத்துல துரு திரும்பிடும். தேங்காயெண்ணெய் தடவாதீங்க, இந்தக் குளிருக்கு உறைஞ்சு பிசுபிசுனு ஆயிடும். தையல் மெஷின் எண்ணெய மெல்லிசா தடவி, துணியில சுத்தி, அடுப்பு எரியுற ரூமுக்குப் பக்கத்துல வைங்க, சிமெண்ட் தரையில மட்டும் வேண்டாம்.